வந்த மண்ணில் வேர் பிடிக்கச் சொன்ன தமிழவேள்



சிவப்பு அடையாளக் கார்டு என்றால் என்ன என்று நம் தோட்டங்களில் யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. நீலக் கார்டு வைத்திருப்பவர் இந்நாட்டுக் குடிமகன். சிவப்புக் கார்டு வைத்திருப்பவர் இங்கே தங்க அனுமதி பெற்றவர், அவ்வளவுதான். ஒரே லயத்தில் வளர்ந்து, ஒரே பிரட்டில் பேர் கொடுத்து, பக்கத்துப் பக்கத்து நிரையில் பால்மரம் வெட்டியவர்களில் ஒருவருக்கு நீலம், இன்னொருவருக்குச் சிவப்பு என்று அமைந்த கதை நம்மில் எத்தனையோ குடும்பங்களில் உண்டு.

1968-ல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. 1969 முதல் குடியுரிமை இல்லாதவர் வேலை செய்யப் பெர்மிட் வேண்டும் என்றானது. அதுவரைக்கும் வெறும் நிற வித்தியாசமாக இருந்தது, அன்றைக்குச் சோற்றுத் தட்டிலேயே கை வைத்துவிட்டது. நம்மவர் பல்லாயிரம் பேர் மூட்டை முடிச்சோடு கப்பலேறித் தமிழகம் போய்ச் சேர்ந்தார்கள். கித்தாக்காட்டையே வாழ்வாக நினைத்திருந்தவர்கள், அறியாத ஊரில் போய் இறங்கினார்கள்.

அந்த நாள் வருமுன்பே, இந்த மண்ணில் உன் பேரைப் பதிந்துகொள், இது உன் நாடு என்று பத்திரிகை வழியாகவும் மேடை வழியாகவும் ஓயாமல் சொல்லி வந்தவர் ஒருவர் இருந்தார். அவர் அமைச்சரும் அல்ல, பெரிய முதலாளியும் அல்ல. ஓர் அச்சுக்கூடமும் ஒரு பத்திரிகையும் வைத்துப் பிழைத்த மனிதர். மனைவி மக்களோடு குடும்பம் நடத்தியவர். தமிழ் மக்கள் அன்போடு தமிழவேள் என்றும், சுருக்கமாகக் கோ.சா. என்றும் அழைத்த கோ. சாரங்கபாணி அவர்கள்தான் அவர். அன்னாரின் வாழ்க்கையை இவ்வாரம் நினைத்துப் பார்ப்போம்.

திருவாரூரிலிருந்து சிங்கைக்கு

தஞ்சைச் சீமையைச் சேர்ந்த திருவாரூரில் 1903-ஆம் ஆண்டு ஏப்ரல் 19-ஆம் நாள் பிறந்தார் சாரங்கபாணி. தந்தையார் பெயர் கோவிந்தசாமி. அந்தக் காலத்தில் தஞ்சை, திருச்சி, சேலம், வட ஆர்க்காடு பக்கமிருந்துதான் நம் பாட்டன் பாட்டிமார்கள் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி மலாயாவுக்கு வந்தார்கள். அவர்களை அழைத்து வந்தவர் கங்காணி. சாரங்கபாணியும் அதே கடலைத்தான் கடந்தார். ஆனால் அவர் கையில் படிப்பு இருந்தது. 1924-ல், 21 வயது இளைஞராகச் சிங்கப்பூருக்கு வந்து கணக்கு எழுதும் வேலையில் சேர்ந்தார்.

கணக்கு எழுதுகிறவருக்கு ஒரு பழக்கம் உண்டு. வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு, கையில் மிச்சம் என்ன என்று பார்ப்பார். நம் சமுதாயத்தையும் அவர் அந்தக் கண்ணோடுதான் பார்த்தார் என்று நமக்குத் தோன்றுகிறது. நாள் முழுக்க உழைக்கிறான், மாதம் முடிந்தால் கையில் என்ன மிச்சம்? கள்ளுக்கடைக்குப் போனது எவ்வளவு? கடன்காரனுக்குப் போனது எவ்வளவு? சாதிச் சண்டைக்கும் வீண் சடங்குக்கும் போனது எவ்வளவு? பிள்ளையின் படிப்புக்குப் போனது எவ்வளவு? கடைசிக் கேள்விக்குத்தான் விடை மிகச் சின்னதாக இருந்தது.

அந்த நாட்களில் மலாயாத் தமிழரின் நிலையை இளையோர் கொஞ்சம் எண்ணிப் பார்க்க வேண்டும். ஆணுக்கு நாளைக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று சம்பளம் பேசிய காலம். 1930-களின் தொடக்கத்தில் ரப்பர் விலை விழுந்தபோது அதுவும் இல்லாமல் ஆயிரமாயிரம் பேரைத் தோட்ட நிர்வாகங்கள் ஊருக்குத் திருப்பி அனுப்பின. விலை ஏறினால் கூப்பிடு, இறங்கினால் அனுப்பு என்பதுதான் அன்றைய நியாயம். ஆளைக் கருவேப்பிலை மாதிரி வைத்திருந்தார்கள். இதிலிருந்து தப்ப வேண்டுமானால் இந்த மண்ணில் நமக்கும் ஒரு பிடிமானம் வேண்டும் என்ற எண்ணம் கோ.சா.வின் மனத்தில் வளர்ந்து வந்தது. அவர் பின்னாளில் செய்த ஒவ்வொரு காரியத்திலும் அந்த எண்ணம் ஓடுவதைக் காண்கிறோம்.

சீர்திருத்தம் புகுந்த வழி

1929 டிசம்பரில் தந்தை பெரியார் மலாயாவுக்கு வந்தார். பினாங்கில் இறங்கி ஈப்போ, கோலாலம்பூர், சிங்கப்பூர் என்று சுற்றிப் பேசினார். சாதி இல்லை, உயர்வு தாழ்வு இல்லை, பெண்ணுக்கும் உரிமை உண்டு என்ற அந்தப் பேச்சு நம்மவரிடையே தீப்போலப் பற்றியது. அதே ஆண்டில் தொடங்கிய முன்னேற்றம் என்னும் வார ஏட்டின் ஆசிரியப் பொறுப்பில் சாரங்கபாணியும் இருந்து எழுதினார். 1932-ல் சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்றியது. அதை முன்னின்று நடத்தியவர்களில் அவர் ஒருவர்.

சங்கம் எதையெல்லாம் எதிர்த்தது? சாதியை எதிர்த்தது. கள்ளை எதிர்த்தது. விதவை மறுமணத்தை ஆதரித்தது. தீமிதி, அலகு குத்துதல் போன்றவற்றையும் எதிர்த்தது. இந்தக் கடைசி விஷயத்தில் நம் தோட்டத்து மக்கள் எல்லாரும் அவரோடு ஒத்துப் போனார்கள் என்று சொல்ல முடியாது. வருஷம் பூராவும் காட்டிலே கிடப்பவனுக்கு மாரியம்மன் திருவிழா ஒன்றுதான் சந்தோஷம். அதிலும் கை வைக்கிறீர்களே என்று மனம் நொந்தவர்கள் உண்டு. அதற்காக அவர்கள் அவரை ஒதுக்கவில்லை, அவரும் அவர்களை விட்டுப் போகவில்லை. கோபித்துக்கொண்டே பேப்பரைப் படித்தவர்கள் நம் பெரியவர்கள்.

முரசு பிறந்தது

1935-ஆம் ஆண்டு ஜூலை 6-ஆம் நாள் சீர்திருத்தச் சங்கத்தின் சார்பில் தமிழ் முரசு வார ஏடாக வெளிவந்தது. பத்திரிகை நடத்துவது சங்கத்துக்குப் பெரும் பாரமாகிப் போக, சாரங்கபாணி அதைத் தாமே ஏற்று நடத்தலானார். 1930-கள் முடிவதற்குள் அது நாளேடாகவும் வளர்ந்துவிட்டது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர் குடும்பச் சொத்தோடு வந்தவர் அல்லர். கணக்கெழுதிப் பிழைத்தவர் பத்திரிகை முதலாளியானார் என்றால், அந்தத் தொழில் எப்படிப்பட்டது? அன்றைக்கு ஒவ்வொரு எழுத்தும் ஈயத்தில் வார்த்த எழுத்து. தமிழுக்கு இருநூற்றுக்கு மேல் எழுத்து என்பதால் அச்சுக் கோப்பவர் முன்னால் அத்தனை குழி வைத்த பெட்டிகள் இருக்கும். ஒவ்வொன்றாகப் பொறுக்கி, கோத்து, பிழை பார்த்து, அச்சேற்றி, மடித்து, விடிவதற்குள் ரயிலுக்குக் கட்டு அனுப்ப வேண்டும். காகிதத்துக்குக் கைக்காசு கொடுக்க வேண்டும். ஆனால் சந்தாப் பணம் வரும்போதுதான் வரும். ஏஜண்டு பாக்கி, விளம்பரப் பாக்கி என்று எழுதி வைத்தே நோட்டுப் புத்தகம் நிறைந்துவிடும். தமிழ்ப் பத்திரிகை நடத்தியவர் எவரானாலும் அறிந்த கதை இது. லாபத்துக்காக மட்டும் தொழில் பார்க்கிறவன் இரண்டாம் வருஷமே கடையை மூடிவிட்டு மளிகைக் கடை வைத்திருப்பான்.

தோட்டத்திலே பத்திரிகை வாங்கும் வசதி எல்லாருக்கும் இல்லை. எழுத்தறிந்தவரும் குறைவு. கிராணியோ, வாத்தியாரோ, எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த ஒரு வாலிபரோ உரக்கப் படிப்பார். பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். ஒரு பிரதி பத்து வீட்டுக்குப் போகும். பிறகு அலமாரிக்கு விரிப்பாகும், கடையில் பொட்டலமாகும். அப்படிப் பொட்டலமாக வந்த தாளையும் பிரித்துப் படித்துத் தமிழ் கற்றவர்கள் நம்மில் உண்டு.

இல்லறம்

மேடையில் பேசுவதை வீட்டிலும் செய்கிறானா என்று பார்த்துத்தான் நம் மக்கள் ஒருவரை மதிப்பார்கள். ஊருக்குத்தான் உபதேசம் என்று சொல்லிச் சிரிக்க நமக்குத் தெரியும். சாரங்கபாணி அந்தப் பேச்சுக்கு இடம் கொடுக்கவில்லை. சீனப் பெரனாக்கன் குடும்பத்தில் பிறந்த ஒரு பெண்ணை மணந்து, பிள்ளைகளைப் பெற்று, சிங்கப்பூரிலேயே வாழ்ந்தார்.

சாதிவிட்டுச் சாதி கல்யாணம் செய்தாலே உறவு அறுந்துபோன காலம் அது. பக்கத்து லயத்துப் பையனாக இருந்தாலும் என்ன ஆளுங்க என்று விசாரித்துவிட்டுத்தான் பெண் கொடுப்பார்கள். அந்தக் காலத்தில் இனம் விட்டு இனம் கட்டினார். சாதி இல்லை என்று ஆயிரம் தலையங்கம் எழுதுவதைக் காட்டிலும் இது கடினம். தமிழுக்காகவே வாழ்ந்தவர் வீட்டில் சீனத் தாயார். அதனால் அவருடைய தமிழ்ப்பற்று குறைந்துவிடவில்லை. பிற இனத்தாரை வெறுத்தால்தான் தன் இனத்தை நேசிக்க முடியும் என்று நினைப்பவர்களுக்கு அந்தக் குடும்பமே பதில்.

இன்னொன்றும் இதில் இருக்கிறது. இங்கே பெண்ணெடுத்து, இங்கே பிள்ளை பெற்றவனுக்கு ஊர் இங்கேதான். திருவாரூர் பிறந்த ஊர், சிங்கப்பூர் பிள்ளைகளின் ஊர். பின்னாளில் குடியுரிமை வேண்டும் என்று அவர் மற்றவர்களுக்குச் சொன்னபோது, தாம் செய்ததைத்தான் சொன்னார்.

போரும் பிறகும்

1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்தது. முரசும் நின்றது. அந்த மூன்றரை ஆண்டில் நம் தோட்ட மக்கள் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. சயாம்-பர்மா ரயில்பாதை போட லாரி லாரியாக ஆளைப் பிடித்துப் போனார்கள். அந்த 415 கிலோமீட்டர்ப் பாதையில் மலாயாத் தமிழர் பல்லாயிரம் பேர் காலராவிலும் பட்டினியிலும் மாண்டார்கள். போனவர் யார், வராதவர் யார் என்று முழுப் பட்டியல்கூடக் கிடையாது. எங்கும் பேர் பதியாத மக்கள் அழிந்தால் எண்ணிச் சொல்லக்கூட ஆள் இருக்காது என்பதை அந்தப் பாதை நமக்குச் சொல்கிறது.

போர் முடிந்ததும் சாரங்கபாணி மறுபடியும் பத்திரிகையைக் கொண்டுவந்தார். இந்தியன் டெய்லி மெயில் என்று ஆங்கிலத்திலும் ஒரு நாளேடு நடத்தினார். நம் குறையைத் தமிழில் எழுதினால் நாம் படிப்போம், ஆங்கிலத்தில் எழுதினால் ஆளுகிறவன் படிப்பான் அல்லவா!

திருநாளும் மணிமன்றமும்

நாற்பது சங்கம் இருந்தும் ஒரு குரல் இல்லை என்பது நம் பழைய வியாதி. அதற்கு மருந்தாக 1951-ல் பல சங்கங்களைச் சேர்த்துத் தமிழர் பிரதிநிதித்துவ சபையை அமைப்பதில் முன்நின்றார். 1952 ஜனவரியில் தமிழர் திருநாள் முதன்முறையாகக் கொண்டாடப்பட்டது. தைப்பொங்கலை ஒட்டி வைத்தார்கள். இந்து, முஸ்லிம், கிறிஸ்துவர் எல்லாரும் தமிழர் என்ற ஒரு பேரில் ஒரு பந்தலில் கூடுவதே அதன் நோக்கம். சிங்கப்பூரில் தொடங்கிய அந்த விழா மலாயாவின் பட்டணங்களுக்கும் தோட்டங்களுக்கும் பரவியது. பேச்சுப் போட்டி, கட்டுரைப் போட்டி, பாட்டு, நாடகம் என்று தோட்டப் பள்ளிப் பிள்ளைகள் மேடை ஏறினார்கள். வெட்டுமர நிரையைத் தவிர வேறு எதையும் கண்டிராத பிள்ளை, ஒலிபெருக்கி முன்னால் நின்று பேசினால் அதன் முதுகெலும்பு நிமிராதா?

அதே 1950-களில் முரசில் மாணவர் மணிமன்றம் என்று பிள்ளைகளுக்காக ஒரு பகுதி வெளிவந்தது. தோட்டப் பள்ளி மாணவர்கள் தங்கள் கதையையும் கவிதையையும் அனுப்பினார்கள். தன் பேரை முதன்முதலாக அச்சில் பார்த்த அந்தப் பிள்ளைகளில் பலர் பின்னாளில் எழுத்தாளர்களாகவும் ஆசிரியர்களாகவும் வந்தார்கள். மலேசியாவில் ஊருக்கு ஊர் இளைஞர் மணிமன்றங்கள் கிளைவிட்டதற்கும் விதை அங்கேதான் விழுந்தது.

தமிழ் எங்கள் உயிர்

அன்று சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்தியத் துறை ஒன்று அமைப்பதாகப் பேச்சு வந்தது. எந்த மொழிக்கு முதலிடம், வடமொழிக்கா தமிழுக்கா என்ற வாக்குவாதமும் கூடவே வந்தது. இந்நாட்டு இந்தியரில் பெரும்பாலோர் தமிழர். பால்மரம் வெட்டி, ரோடு போட்டு, ரயில்பாதை காத்தவர்கள் தமிழர். அவர்கள் மொழிக்குத்தான் முதலிடம் என்று சாரங்கபாணி உறுதியாக நின்று எழுதினார். எழுதியதோடு நிற்கவில்லை. தமிழ் எங்கள் உயிர் என்ற பேரில் நிதி திரட்டினார். பல்கலைக்கழக நூலகத்தில் தமிழ் நூல்கள் சேரவேண்டும் என்பது அதன் குறிக்கோள்.

பெரிய மனிதர்கள் மட்டும் கொடுத்த நிதி அல்ல அது. தொழிலாளர்களும் கொடுத்தார்கள். தன் பிள்ளை ஆறாம் வகுப்பைத் தாண்டுமா என்றே தெரியாதவன், பார்த்தே இராத பல்கலைக்கழகத்துக்குக் காசு கொடுத்தான். எதற்கு? எவன் பிள்ளையோ படிக்கட்டும், நம்ம மொழி அங்கே இருக்கட்டும் என்ற ரோசந்தான். 1956-ல் இந்திய ஆய்வியல் துறை தொடங்கியது, தமிழுக்கு அங்கே இடமும் கிடைத்தது. பின்னர் அத்துறை கோலாலம்பூருக்கு வந்தது. தனிநாயகம் அடிகளார் அதன் தலைவராயிருந்த காலத்தில்தான் 1966-ல் முதல் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. இன்றும் மலாயாப் பல்கலைக்கழகத்தில் அத்துறை இருக்கிறது. அதன் வாசலில் நுழையும் தோட்டத்துப் பிள்ளை, தன் பாட்டன் காசும் இங்கே கிடக்கிறது என்று தலைநிமிர்ந்து போகலாம்.

பேரைப் பதிந்துகொள்

இப்போது நாம் முதலில் தொட்ட விஷயத்துக்கு வருவோம். 1957 ஆகஸ்ட் 31-ல் மலாயா சுதந்திரம் பெற்றது. அன்றைய தினமோ அதற்குப் பின்போ இங்கே பிறந்த குழந்தைகளுக்கு அப்போது குடியுரிமை தானாகக் கிடைத்தது. முன்பே பிறந்தவர்களும் வெளியிலிருந்து வந்தவர்களும் மனுப் போட்டுப் பதிய வேண்டியிருந்தது. இங்கேயே பிறந்து மனுப் போட்டவர்களுக்கு முதல் ஓராண்டுக்கு மலாய்மொழிச் சோதனை வேண்டாம் என்று சலுகையும் இருந்தது. அதே 1957-ல் சிங்கப்பூரிலும் குடியுரிமைச் சட்டம் வந்தது.

வாசல் திறந்திருந்த காலம் அது. ஆனால் நம்மவரில் பலர் வாசல் பக்கம் போகவில்லை. ஏன்? ரெண்டு வருஷத்துல ஊருக்குப் போயிடப் போறோம், நமக்கு எதுக்கு இந்தக் காயிதம் என்றவர்கள் ஒரு பக்கம். இந்தக் கார்டு வாங்கினால் ஊர்ச் சொத்து போயிடுமாம் என்று பயந்தவர்கள் ஒரு பக்கம். பிறந்த பத்திரம் இல்லை, மனு எழுதத் தெரியாது, ஒருநாள் லீவு போட்டால் ஒருநாள் சம்பளம் போகும் என்று தள்ளிப் போட்டவர்கள் இன்னொரு பக்கம். அடுத்த தீபாவளிக்கு ஊர் என்று முப்பது தீபாவளியை இங்கேயே கொண்டாடியவர்கள் எத்தனை பேர்!

சாரங்கபாணி இதைக் கண்டு சும்மா இருக்கவில்லை. இந்நாட்டில் வாழ்கிறவன் இந்நாட்டுப் பிரஜையாக ஆகவேண்டும், ஓட்டுரிமை இல்லாதவன் கோரிக்கைக்கு மதிப்பில்லை என்பதைத் தமிழ் முரசில் இடைவிடாமல் வலியுறுத்தினார். கூட்டங்களில் பேசினார். சிங்கப்பூரில் தமிழ் நான்கு ஆட்சிமொழிகளில் ஒன்றாக அமைந்ததற்கும் அவரைப் போன்றோரின் உழைப்பு ஒரு காரணம். குடிமக்கள் பேசும் மொழிக்குத்தான் அந்த இடம் கிடைக்கும். வந்து போகிறவன் மொழிக்கு எவன் இடம் கொடுப்பான்?

கேட்டவர்கள் பிழைத்தார்கள். கேட்காதவர்கள் என்ன ஆனார்கள் என்பதை முதலிலேயே சொன்னோம். தங்கியவர்களிலும் சிவப்புக் கார்டோடு கிழவர் கிழவியாகிப் போனவர்களை நாம் தோட்டந்தோறும் பார்த்திருக்கிறோம். நாற்பது வருஷம் வெட்டிய மரத்தில் ஒரு கிளைகூட அவர்களுக்குச் சொந்தமில்லை.

முதலாளியும் தொழிலாளியும்

தொழிற்சங்கத்தில் இருந்துகொண்டு ஒரு முதலாளியைப் புகழ்கிறீர்களே என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. அதை ஒளிக்கவும் நாம் விரும்பவில்லை. 1963-ல் தமிழ் முரசின் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பத்திரிகை நின்றது. நாளும் விடிந்தால் வரும் முரசு பல மாதங்கள் வரவில்லை. 1964-ல்தான் மீண்டும் வெளிவந்தது.

சமுதாயத்துக்கு உழைத்தவர் ஆயிற்றே, அவரை எதிர்த்தா வேலைநிறுத்தம் என்று அன்று பலர் மனம் வருந்தியிருப்பார்கள். நமக்கு அதில் ஆச்சரியம் இல்லை. அச்சுக் கோப்பவனுக்கும் வீடு உண்டு, அடுப்பு உண்டு. நல்ல மனிதரிடம் வேலை பார்க்கிறோம் என்பது சம்பளத்துக்கு ஈடாகாது. முதலாளி பொதுநலவாதியாக இருந்தாலும் தொழிலாளி தன் உரிமையைக் கேட்கலாம், கேட்க வேண்டும். மனிதன் தலைநிமிர வேண்டும் என்று வருஷக்கணக்காக எழுதிய பத்திரிகையில், அந்த எழுத்துகளைக் கோத்தவர்களே தலைநிமிர்ந்து நின்றார்கள் என்றுதான் நாம் கொள்கிறோம்.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். சின்ன முதலில் தொழில் நடத்துகிறவருக்கும் தோட்டக் கம்பெனிக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் உண்டு. கம்பெனிக்கு லாபம் லண்டனில் சேர்ந்தது. இவருக்கு வரவு என்பது நம்மவர் கட்டும் சந்தா. மேடையில் மாலை போட்டுவிட்டுச் சந்தாவைப் பாக்கி வைக்கிற சமுதாயம், பத்திரிகை முதலாளியையும் நெருக்குகிறது, அங்கே வேலை செய்யும் தொழிலாளியையும் நெருக்குகிறது. அந்தச் சண்டையில் நமக்கும் ஒரு பங்கு உண்டு என்று எண்ணிப் பார்த்தால் நல்லது.

அறுபது வயதில் இப்படி ஓர் அடி விழுந்தால் வேறு ஒருவர் போதும் என்று விட்டிருப்பார். அவர் விடவில்லை. மறுபடியும் பத்திரிகையைத் தூக்கி நிறுத்தினார். 1974 மார்ச் 16-ஆம் நாள் அவர் மறையும்போது தமிழ் முரசு நடந்துகொண்டுதான் இருந்தது. பிறகு அவருடைய பிள்ளைகள் அதைக் கட்டிக் காத்தார்கள். 1995-ல் சிங்கப்பூரின் பெரிய பத்திரிகை நிறுவனத்தின் கைக்கு அது மாறியது. இன்றும் வெளிவந்துகொண்டிருக்கிறது. ஒரு கணக்குப்பிள்ளை தொடங்கி வைத்த தொழில், அவர் மறைந்து அரை நூற்றாண்டுக்குப் பின்னும் நிற்கிறதென்றால் அது சாதாரணமா?

நம் கையில் இருப்பது

சாரங்கபாணியின் படத்துக்கு மாலை போடுவது நல்லதுதான். ஆனால் அவர் சொன்ன வேலை இன்னும் முடியவில்லை. சுதந்திரம் கிடைத்து எத்தனையோ ஆண்டுகள் ஆகியும், நம்மிடையே பிறந்த பத்திரம் இல்லாத பிள்ளைகள், அடையாளக் கார்டு இல்லாத வாலிபர்கள் இருக்கிறார்கள். கோயிலில் தாலி கட்டினால் போதும் என்று கல்யாணத்தைப் பதியாமல் விடுகிறோம். 1982 மார்ச் முதல் நடப்பில் உள்ள சட்டப்படி முஸ்லிம் அல்லாதார் திருமணம் பதியப்பட வேண்டும். பதியாத திருமணத்தில் பிறக்கும் பிள்ளைக்குத் தகப்பனின் குடியுரிமை சேராது, தாயின் நிலைதான் சேரும். தாய்க்குச் சிவப்புக் கார்டோ, ஒன்றும் இல்லாமலோ இருந்தால் அந்தப் பிள்ளையின் கதி என்ன? பள்ளியில் சேர்க்கத் தடை, பரீட்சைக்குத் தடை, வேலைக்குத் தடை. நாம் ஒருநாள் சோம்பியதற்குப் பிள்ளை ஆயுள் முழுக்கத் தண்டம் கட்டுகிறது.

ஆகவே தோழர்களே, வீட்டில் உள்ள தகரப் பெட்டியை இறக்கிப் பாருங்கள். திருமணப் பத்திரம் இருக்கிறதா? ஒவ்வொரு பிள்ளைக்கும் பிறந்த பத்திரம் இருக்கிறதா? பெயரும் எழுத்தும் தகப்பன் தாய் கார்டோடு ஒத்துப் போகிறதா? 12 வயதான பிள்ளைக்கு அடையாளக் கார்டு எடுத்தாயிற்றா? இல்லையென்றால் ஒருநாள் சம்பளம் போனாலும் பரவாயில்லை, தேசியப் பதிவிலாகாவுக்குப் போங்கள். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் தோட்டத்துத் தொழிற்சங்கச் செயலாளரைத் துணைக்குக் கூப்பிடுங்கள். படித்த பிள்ளைகள் பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு ஒரு மனு எழுதிக் கொடுங்கள்.

தோட்டங்கள் குறைந்துவிட்டன. லயங்கள் இடிந்து வீடமைப்புத் திட்டங்களாகின்றன. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, நம்மவர் இருந்த இடத்துக்கு வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வந்தார்கள். நம் தாத்தாமார்கள் வந்தபோது இருந்த அதே நிலையில்தான் அவர்களும் இருக்கிறார்கள். இனி நம் பிடிமானம் மரத்தில் இல்லை, காகிதத்திலும் படிப்பிலும்தான் இருக்கிறது. திருவாரூரில் பிறந்து இந்த மண்ணில் குடும்பமும் தொழிலும் கட்டிக்கொண்ட அந்தப் பெரியவர் ஐம்பது ஆண்டுக்கு முன்பே மறைந்துவிட்டார். பேரைப் பதிந்துகொள் என்று அவர் சொன்ன சொல் மட்டும் பழசாகவில்லை.